கொடிக்குள் குடியேறும் நல்ல பாக்டீரியா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களை வாட்டும் பியர்ஸ் நோயைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு பூச்சி பரப்பும் பாக்டீரியா, கொடியின் நீர்க்குழாய்களுக்குள் புகுந்து அதைக் காய வைக்கிறது, அதை அடக்க இன்னொரு பாக்டீரியாவையே பயன்படுத்திப் பார்க்கிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் இப்போது டெமெகுலாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு திராட்சைக் கொடி. மூன்று வருஷம் நன்றாகக் காய்த்தது. போன கோடையின் கடைசியில் இலை ஓரமெல்லாம் காய ஆரம்பித்தது, இந்த வருஷம் இன்னும் மோசம். தண்ணீர் குறைவில்லாமல் விடுகிறோம். நீங்கள் எழுதிய நோய்தானா இது?

அம்மா, நீங்கள் இருக்கும் ஊர் பெயரைப் பார்த்ததுமே கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. 1990களின் கடைசியில் இந்த நோய் கலிஃபோர்னியாவில் மறுபடி தலைதூக்கிப் பெரிய சேதம் செய்தது டெமெகுலாவில்தான்.

கொடியின் அருகே போய் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில் இலை. ஓரத்திலிருந்து உள்பக்கமாகக் கருகிக்கொண்டே வரும், கருகிய பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவே மஞ்சளாகவோ, கருந்திராட்சை வகையாக இருந்தால் சிவப்பாகவோ ஒரு பட்டை தெரியும். இரண்டாவதாக இலைக்காம்பு. இலை உதிர்ந்த பிறகும் காம்பு மட்டும் தண்டிலேயே தீக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தத் தீக்குச்சிதான் என்னைப் பொறுத்தவரை மிக நல்ல அடையாளம், ஏனென்றால் தண்ணீர் போதாமல் வாடும் கொடியில் இலை பெரும்பாலும் காம்போடு சேர்ந்தே விழும். மூன்றாவது, அந்த வருஷத்துக் கிளை. இலையுதிர் காலத்தில் அது முழுவதும் பழுப்பாக முற்ற வேண்டும், நோய் இருந்தால் பழுப்புக்கு நடுவே பச்சைத் திட்டுகள் தீவு தீவாக நிற்கும். குலைகளும் பழுக்காமலே சுருங்கி உலர்ந்துபோகும்.

உப்புத் தண்ணீரும் இலை ஓரத்தைக் கருக்கும், அதனால் கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள். உங்கள் கவுண்டியின் வேளாண் ஆணையர் அலுவலகத்திலோ பல்கலைக்கழக விரிவாக்க மையத்திலோ கேட்டால், இலைக்காம்பை எந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிப்பது என்று சொல்வார்கள். நோய் உறுதியானால், இரண்டாவது வருஷமும் அறிகுறி காட்டுகிற கொடியை வேரோடு எடுத்துவிடுவது நல்லது. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, மூன்று வருஷம் பழம் கொடுத்த கொடி. ஆனால் அது நிற்கும் வரை பக்கத்து வீட்டுக் கொடிக்கும் அதிலிருந்து நோய் போகும்.

கேள்வி: தண்ணீர் விட்டும் ஏன் காய்கிறது? அந்த பாக்டீரியா வேரையா அழுகச் செய்கிறது?

வேர் நன்றாகத்தான் இருக்கும். கொடியில் இரண்டு வகைக் குழாய்கள் ஓடுகின்றன. இலை சமைத்த உணவைக் கீழே கொண்டுபோவது ஒன்று, வேர் உறிஞ்சிய தண்ணீரை மேலே கொண்டுபோவது இன்னொன்று. இரண்டாவதன் பெயர் சைலம். ஸைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற இந்த பாக்டீரியா, கொடியில் சைலத்துக்குள் மட்டும்தான் வாழும். அங்கே பெருகி, பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரந்து, கூட்டம் கூட்டமாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கொடியும் சும்மா இருப்பதில்லை, எதிரி வந்துவிட்டான் என்று தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. கடைசியில் மண்ணில் ஈரம் இருந்தும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில்லை.

ஃபாஸ்டிடியோசா என்ற பெயருக்கு, எளிதில் திருப்தி அடையாதது என்று பொருள். ஆய்வகத்தில் எந்த உணவு கொடுத்தாலும் வளராமல் அடம்பிடித்ததால் வந்த பெயர் அது. 1880களில் அனஹைம் பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் திராட்சை அழிந்து, ஆராய வந்த நியூட்டன் பியர்ஸ் 1892இல் அறிக்கை எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் வைரஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1978இல்தான் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்க்க முடிந்தது, 1987இல் இந்தப் பெயர் வைத்தார்கள்.

கேள்வி: பூச்சிதானே பரப்புகிறது? பூச்சியைக் கொன்றுவிட்டால் வேலை முடிந்ததே. எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. கலிஃபோர்னியாவும் முதலில் அந்த வழியில்தான் போனது, இன்றும் அதை விடவில்லை. பரப்புவது ஷார்ப்ஷூட்டர் என்ற தத்துப்பூச்சி இனம். வட கலிஃபோர்னியாவின் நாபா, சோனோமா பக்கம் ஓடைக்கரைச் செடிகளில் வாழும் நீலப்பச்சை வகை அந்த மண்ணுக்கே உரியது. அது ஓடையை ஒட்டிய சில வரிசைகளோடு பெரும்பாலும் நின்றுவிடும். 1980களின் பிற்பகுதியில் தென்கிழக்கு அமெரிக்காவிலிருந்து வந்துசேர்ந்த கண்ணாடிச் சிறகு வகைதான் கணக்கையே மாற்றிவிட்டது. அது பெரியது, நெடுந்தூரம் பறக்கும், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளில் கூட்டமாகத் தங்கும், கொடியின் முற்றிய தண்டிலும் ஊசிவாயைச் செருகிக் குடிக்கும். சைலத்துத் தண்ணீரில் சத்து அநேகமாக ஒன்றும் கிடையாது, அதனால் ஒரு நாளில் தன் எடையைப்போல நூறு மடங்கு குடித்து அதைத் துளித்துளியாக வெளியே வீசிக்கொண்டே இருக்கும்.

இதில் சிக்கல் எங்கே என்றால், பாக்டீரியா பூச்சியின் வாய்க்குள், முன்குடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பெருகுகிறது. குஞ்சுப் பருவத்தில் பூச்சி தோலுரிக்கும்போது அந்தச் சுவரும் சேர்ந்து உரிந்துபோய்விடும், அப்போது பூச்சி சுத்தமாகிவிடும். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த பூச்சி அப்புறம் தோலுரிப்பதே இல்லை, எனவே ஒருமுறை ஒட்டியது சாகும் வரை இருக்கும். கொடிக்குள் ஏற்றிய பூச்சிமருந்து அந்தப் பூச்சியைக் கொல்லும், சரி, ஆனால் அது சாவதற்கு முன்னால் குடித்த ஒரு வாய் போதும் கொடிக்கு நோய் வர. வருஷக்கணக்கில் ஒரே வகை மருந்தை நம்பிய இடங்களில் பூச்சிக்கு அதைத் தாங்கும் சக்தியும் வந்துவிட்டது. முட்டையைத் தின்னும் குட்டிக் குளவிகளை வளர்த்து விடுவது எனக்குப் பிடித்த வழி. டஹிட்டித் தீவில் 2005இல் அப்படி விட்டதும் இந்தப் பூச்சி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனது. கலிஃபோர்னியாவில் அந்த அளவுக்குப் பலன் இல்லை. அதோடு, கூட்டம் குறைவாக இருந்தாலும் நோயைப் பரப்பச் சில பூச்சிகளே போதும் என்பதை மறக்கக் கூடாது.

நோய்க்கு எதிராகவே மருந்து அடிக்கலாமே என்றும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். தாமிர மருந்து இலைமேல் இருக்கும், நோய் தண்டுக்குள் இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வரும். அதனால்தான், அதே குழாய்க்குள் தானாக நடந்துபோகக்கூடிய ஒன்றைத் தேடினார்கள்.

கேள்வி: அந்த "நல்ல பாக்டீரியா" எது? பெயர் சொல்லுங்கள்.

நான் இரண்டைச் சொல்வேன், இரண்டும் ஒன்றுக்கொன்று கொஞ்சமும் சம்பந்தமில்லாதவை.

முதலாவது, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அதே ஸைலெல்லாதான். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஹாப்கின்ஸ் எல்டர்பெர்ரிச் செடியிலிருந்து ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்தார். இபி92-1 என்று பெயர். திராட்சைக்குள் விட்டால் அது வாழ்கிறது, பெருகுகிறது, ஆனால் கொடியை நோயாளியாக்குவதில்லை. கொடியை நோயில் தள்ளும் சில மரபணுக்கள் அதில் இல்லை என்பது பிற்பாடு மரபணு வரிசையைப் படித்தபோது தெரிந்தது. இளங்கொடியின் தண்டில் ஊசியால் இதைச் செலுத்தி, பூச்சி தாராளமாக இருக்கும் ஃபுளோரிடா தோட்டத்திலேயே நட்டு வருஷக்கணக்கில் கவனித்தார். ஊசி போடாத கொடிகள் காய்ந்துகொண்டிருந்தபோது போட்டவை பல பிழைத்து நின்றன. 2005இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். முன்கூட்டியே போட்டால்தான் பலன், நோய் முற்றிய கொடியை இது மீட்காது.

இரண்டாவது, வெங்காய வேரிலிருந்து கிடைத்த பாராபர்கோல்டேரியா ஃபைட்டோஃபிர்மன்ஸ், அதிலும் பிஎஸ்ஜேஎன் என்ற ரகம். செடிக்குள் புகுந்து எந்தத் தொந்தரவும் தராமல் வாழும் பாக்டீரியா இது. உருளை, தக்காளி என்று பல பயிர்களின் வளர்ச்சியைத் தூண்டுவது முன்பே தெரியும், பிரான்ஸில் ரெம்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் இது திராட்சை நாற்றுக்குக் குளிரைத் தாங்கும் பலம் தருவதையும் காட்டியிருந்தார்கள். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லிண்டோவின் குழு இதைத் திராட்சைத் தண்டில் செலுத்திப் பார்த்தது. விறுவிறுவென்று தண்டு நெடுகப் பரவியது. ஸைலெல்லாவோடு சேர்த்துக் கொடுத்த கொடிகளில் நோய் மிகவும் குறைந்தது. ஸைலெல்லா உள்ளே போய்ச் சில வாரம் கழித்து, அதுவும் வேறொரு இடத்தில் கொடுத்தபோதும் குறைந்தது. எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் பியர்ஸ் நோயில் "வந்த பின்" என்று சொல்லும்படி எதுவுமே அதுவரை பெரிதாக இருந்ததில்லை.

கேள்வி: வேளாண் படிப்பு படிக்கும் மாணவன் நான். பிஎஸ்ஜேஎன் ஸைலெல்லாவைக் கொல்லும் வேதிப்பொருள் ஏதாவது சுரக்கிறதா?

தம்பி, எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்போம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வளர்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிம்மதியாக வளர்ந்தன. செடிக்குள் மட்டும்தான் ஸைலெல்லா குறைகிறது. இன்னொரு வேடிக்கை, பிஎஸ்ஜேஎன் உள்ளே நிரந்தரமாகத் தங்குவதும் இல்லை, சில வாரங்களில் அதன் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. அப்படியானால் வேலை செய்வது யார்? கொடிதான். இரண்டு பாக்டீரியாக்களும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும்போது கொடியின் தற்காப்பு மரபணுக்கள் சில விழித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஸைலெல்லா தனியாக வந்தால் கொடி அதைக் கண்டுகொள்வதே தாமதமாகத்தான், இந்த விருந்தாளி கூட இருந்தால் சீக்கிரம் கண்டுகொள்கிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் படி. ஸைலெல்லா செல்கள் டிஎஸ்எஃப் என்ற கொழுப்பு அமிலச் சமிக்ஞையைச் சுரந்து, தங்கள் கூட்டம் எவ்வளவு பெரிது என்று கணக்குப் பார்க்கின்றன. சமிக்ஞை குறைவாக இருந்தால் ஊர்ந்து ஊர்ந்து புதுக் குழாய்களுக்குப் போகும், நிறைய இருந்தால் ஒட்டும் தன்மை கூடி ஓரிடத்தில் நின்றுவிடும். ஒட்டும்போதுதான் பூச்சியின் வாயிலும் ஒட்ட முடியும். அதனால் அந்தச் சமிக்ஞையைச் சுரக்க முடியாதபடி மரபணு நீக்கிய ரகம் என்ன செய்தது தெரியுமா? கொடியில் முன்னைவிடக் கடுமையான நோயைக் கொடுத்தது, ஆனால் பூச்சி வழியாகப் பரவவே முடியவில்லை. அதாவது கொடி சாவதில் அந்த பாக்டீரியாவுக்கு ஒரு லாபமும் இல்லை. ஒட்டிக்கொண்டு, பூச்சிக்காகக் காத்திருப்பதுதான் அதற்கு வேண்டியது. அது தங்கக்கூடிய செடி இனங்கள் 600க்கு மேல், பெரும்பாலானவற்றில் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் இருக்கிறது. கொடியிலேயே இந்தச் சமிக்ஞையைச் சுரக்க வைத்தபோது பாக்டீரியா குழம்பி ஓரிடத்தில் நின்றுபோய், நோயும் குறைந்தது.

இதனால்தான் "ஒழிப்பு" என்ற சொல்லை இங்கே நான் பயன்படுத்துவதில்லை. பாக்டீரியாவின் ஓட்டத்தை நிறுத்தினாலோ, அதன் கூட்டத்தைக் குறைத்தாலோ கொடி பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: நோய்க்கிருமியின் இனத்தையே தோட்டத்தில் ஊசி போடுவது ஆபத்தில்லையா? நாளைக்கு அது மாறிவிட்டால்?

இந்தப் பயம் எனக்கும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஸைலெல்லா தன் இனத்தின் வேறு ரகங்களிடமிருந்து மரபணுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளக்கூடியது, அது ஆய்வகத்தில் நிரூபணமானது. திராட்சைக்குச் சாதுவாக இருக்கும் ரகம் பக்கத்துத் தோப்பின் வேறு மரத்துக்கும் சாதுவா என்பதையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும். மறுபக்கம், இபி92-1இல் இல்லாத மரபணுக்கள் ஒன்றிரண்டு இல்லை, ஒரே தாவலில் அத்தனையும் திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைக்கவும் காரணம் இல்லை. ஏற்கெனவே நோய் வேரூன்றிய ஊரில் இதைப் போடுவதை நான் ஆதரிப்பேன். ஸைலெல்லாவே இல்லாத ஒரு நாட்டுக்கு இதைக் கொண்டுபோவதை, எவ்வளவு சாதுவான ரகமாக இருந்தாலும், ஆதரிக்க மாட்டேன். இத்தாலியின் அபுலியாவில் 2013இல் ஆலிவ் மரங்களில் இதே இனத்தின் வேறொரு ரகம் கண்டுபிடிக்கப்பட்டு, நூற்றாண்டுகள் வயதுள்ள மரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்துபோன படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும்.

கேள்வி: பூச்சியின் வாய்க்குள்ளேயே நல்ல பாக்டீரியாவை வைக்கலாம் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

உண்மைதான். ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மில்லர் குழுவினர், கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் முன்குடலில் ஸைலெல்லா ஒட்டும் அதே இடத்தில் இயல்பாகவே வாழும் ஆல்கலிஜீன்ஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் மரபணு ஒன்றைச் சேர்த்து, ஸைலெல்லாவைத் தாக்கும் புரதத்தைச் சுரக்க வைப்பது திட்டம். பூச்சி உயிரோடு இருக்கும், குடிக்கும், ஆனால் நோயைக் கொண்டுபோகாது. முதலில் அது எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க, ஒளிரும் சிவப்புப் புரதத்தின் மரபணுவைச் சேர்த்துச் சோதித்தார்கள். அழகான யோசனை. ஆனால் மரபணு மாற்றிய உயிரியைப் பறக்கும் பூச்சியோடு சேர்த்துத் திறந்த வெளியில் விட்டபின் திரும்பக் கூப்பிட முடியாது. தோட்டத்துக்கு வராமலே அது நின்றுபோனதற்கு அந்த ஒரு காரணமே போதுமானது என்று நினைக்கிறேன்.

கேள்வி: வீட்டில் சூடோமோனாஸ் பொடி இருக்கிறது. கரைத்து வேரில் ஊற்றலாமா? அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கும் ஒரு பொட்டலம் அனுப்பலாமா?

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் வேரழுகலுக்கும் நாற்றழுகலுக்கும் நல்ல மருந்து, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது வேரைச் சுற்றிய மண்ணில் வேலை செய்யும். பியர்ஸ் நோய் இருப்பதோ தண்டின் நீர்க்குழாயில். எல்லா "நல்ல பாக்டீரியா"வும் ஒன்றல்ல, ஊற்றினால் கொடிக்குக் கெடுதல் இல்லை, நோயும் போகாது.

அனுப்புவதா? தயவுசெய்து வேண்டாம். உயிருள்ள நுண்ணுயிரை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அந்நாட்டு வேளாண் துறையின் முன்அனுமதி வேண்டும், மண்ணும் கொடித்துண்டும் அப்படித்தான். கண்ணாடிச் சிறகுப் பூச்சியே செடியோடு முட்டையாக ஒட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்ததாகத்தான் கருதுகிறார்கள்.

கேள்வி: இப்போது கடையில் வாங்கிப் போடக்கூடியது எது?

பிஎஸ்ஜேஎன் கடைக்கு வந்துவிட்டதாக யாராவது விற்றால் நம்பி வாங்காதீர்கள். விவசாயிக்குக் கிடைப்பது வேறொன்று. ஸைலெல்லாவை மட்டும் தாக்கும் நான்கு வைரஸ்களைக் கலந்து, டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஸைல்ஃபை-பிடி என்ற ஊசி மருந்து. இது பாக்டீரியா அல்ல, பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ், தண்டில் செலுத்த வேண்டும். அதுபோக, டேவிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வாக்கர், அரிசோனாக் காட்டுத் திராட்சையின் எதிர்ப்புச் சக்தியை ஒயின் திராட்சைக்குள் கலந்து, 2019இல் ஐந்து புது ரகங்களை வெளியிட்டார். அம்மா, உங்கள் மகள் வீட்டில் கொடியை எடுத்த இடத்தில் மறுபடி நடுவதாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், மருந்தைத் தேடி அலைவதைவிட அதுதான் வீட்டுத் தோட்டத்துக்குப் பொருத்தம்.

கேள்வி: இவ்வளவு நல்ல பலன் இருந்தும் பிஎஸ்ஜேஎன் ஏன் தோட்டத்துக்கு வரவில்லை?

ஊசிதான் பெரிய தடை என்பது என் எண்ணம். தொட்டிச்செடி ஐம்பதுக்கு ஊசி போடலாம், ஆயிரக்கணக்கான கொடிகள் நிற்கும் தோட்டத்தில், அதுவும் பாக்டீரியா சில வாரத்தில் குறைந்துவிடும் என்றால், எத்தனை தடவை எத்தனை ஆட்களை வைத்துப் போடுவது? லிண்டோ குழு இதற்கும் ஒரு வழி பார்த்தது. இலையை நன்றாக நனைத்து உள்ளே ஊடுருவ வைக்கும் ஒரு சிலிக்கான் வகைத் திரவத்தோடு பாக்டீரியாவைக் கலந்து தெளித்தார்கள். இலைத்துளை வழியாகப் போதுமான அளவு உள்ளே போனது, நோயும் குறைந்தது. தெளிப்பான் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. பூச்சி அதிகம் குடிக்கும் வசந்த காலத்தில், கொடி துளிர்த்த கையோடு தெளிக்க முடிந்தால், கோடைக்குள் ஸைலெல்லா பெருகுவதற்கு முன்னாலேயே கொடி விழித்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் திராட்சை விவசாயிகள் தங்கள் விளைச்சல் மதிப்பில் ஒரு பங்கை ஒதுக்கித்தான் இந்த ஆராய்ச்சிகளுக்குப் பணம் தருகிறார்கள், நோயால் அந்த மாநிலத்துக்கு ஆகும் செலவும் இழப்பும் வருஷத்துக்குச் சுமார் 10.4 கோடி டாலர் என்று 2014இல் கணக்கிட்டார்கள். நான் அந்த விவசாயியாக இருந்தால் என் பங்கு இந்தத் தெளிப்புச் சோதனைக்குப் போக வேண்டும் என்றுதான் கேட்பேன்.

கேள்வி: நோய் வந்த கொடியின் பழத்தைக் குழந்தைகள் சாப்பிட்டுவிட்டார்கள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஸைலெல்லா செடியின் குழாயில் வாழ்வது, மனிதருக்கு அதனால் நோய் வருவதில்லை. இனிப்புதான் குறைவாக இருந்திருக்கும்.